குழாயில் போவதும் வடிகாலில் போவதும்: சிங்கப்பூரின் கழிவுநீரும் கடலும்

சிங்கப்பூரில் ஒரு வீட்டிலிருந்து தண்ணீர் வெளியேற இரண்டு வழிகள் இருக்கின்றன. சமையலறைத் தொட்டியிலும் குளியலறையிலும் கழிப்பறையிலும் ஊற்றுவதெல்லாம் தரைக்கடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய்க்குப் போகிறது. கூரையிலும் நடைபாதையிலும் கார் நிறுத்துமிடத்திலும் விழுகிற மழை வடிகாலுக்குப் போகிறது. குழாயில் போவது சுத்திகரிப்பு ஆலையைக் கடந்துதான் கடலைத் தொட முடியும். வடிகாலில் போவதற்குக் கடல் வரைக்கும் அப்படி எந்த ஆலையும் கிடையாது. அது நீர்த்தேக்கத்தில் சேரும், இல்லாவிட்டால் நேராகக் கடலில் கலந்துவிடும்.

இந்தத் தீவு தன் கழிவால் கடலைக் கெடுக்காமல் எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஆலைகளையும் நீரை வடிகட்டும் சவ்வுகளையும் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அவையும் முக்கியம்தான். ஆனால் மழைநீரும் கழிவுநீரும் எந்த இடத்திலும் கலக்கக் கூடாது என்ற விதி இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய ஆலை கட்டியும் பயனில்லை. லண்டன், நியூயார்க் போன்ற பழைய நகரங்களின் பல பகுதிகளில் இரண்டுக்கும் ஒரே குழாய்தான். பெருமழை பெய்தால் ஆலை தாங்காது. மிஞ்சுவது சுத்திகரிக்கப்படாமலே ஆற்றில் திறந்துவிடப்படும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை, அதுவும் ஒரே மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை. ஒரே குழாய் முறை இங்கே இருந்திருந்தால் மழைக்காலத்தில் வாரம் தவறாமல் கடற்கரையை மூட வேண்டியிருக்கும்.

இந்த விதி எவ்வளவு நுணுக்கமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) குடியிருப்புகளிலேயே பார்க்கலாம். குப்பை மையத்துக்குக் கூரை போட்டிருப்பார்கள். அங்கே தரையைக் கழுவும் தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போக வேண்டும், மழைத்தண்ணீர் அதற்குள் போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. உணவங்காடி நிலையங்களில் பாத்திரம் கழுவும் இடத்துக்கும் இதே கணக்குதான். அங்கே கூடுதலாக எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தொட்டி ஒன்றும் இருக்கும். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் ஒரு நாளில் கழுவப்படும் பிரியாணிச் சட்டிகளை நினைத்தால் அந்தத் தொட்டியின் அருமை விளங்கும். அது இல்லையென்றால் கொழுப்பு குழாய்க்குள் இறுகிக் கட்டியாகும். குழாய் அடைத்துக்கொண்டால் கழிவுநீர் தரைமட்டத்தில் பொங்கி வழிந்து பக்கத்து வடிகாலில் இறங்கிவிடும். அங்கிருந்து கடல் தூரமில்லை.

இங்கே எல்லாம் முதலிலிருந்தே இப்படி இருந்துவிடவில்லை. குழாய்வழிக் கழிவுநீர் வசதி 1910களில்தான் நகரின் சில பகுதிகளுக்கு வரத் தொடங்கியது. மற்ற இடங்களில் வாளிக் கழிப்பறை. வாளிகளை ஏற்றிச் செல்லச் சிறு கதவுகள் கொண்ட லாரிகள் இருந்தன. கடைசி வாளி நிலையம் லோரோங் ஹாலுஸில் மூடப்பட்டது 1987 ஜனவரியில்தான். எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கிய அதே ஆண்டு அது! நகராட்சியின் தெருக்களைக் கூட்டியவர்களிலும் வடிகால்களைத் தூர்வாரியவர்களிலும் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். இந்த நகரத்தின் சுகாதார வரலாற்றை எழுதும்போது அவர்கள் உழைப்பை முதல் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்போதைய சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் எப்படி இருந்தன என்பது அன்று வாழ்ந்தவர்களின் மூக்குக்குத் தெரியும். கரையோரக் குடிசைகளின் கழிவு, தெருவோரக் கடைகளின் மீதி, பன்றிப் பண்ணைகளிலிருந்தும் வாத்துப் பண்ணைகளிலிருந்தும் ஓடிவரும் சாணம், படகுகளின் எண்ணெய் எல்லாம் ஆற்றில்தான். 1977 பிப்ரவரியில் மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் திறப்பு விழாவில் பேசிய பிரதமர் லீ குவான் இயூ, பத்தே ஆண்டுகளில் இந்த ஆறுகளில் மீன் பிடிக்கும் நிலை வர வேண்டும் என்று இலக்கு வைத்தார். குடிசைவாசிகள் வீவக வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். தெருக்கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்குள் போனார்கள். சரக்குப் படகுகள் 1983-இல் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. நூற்றுக்கணக்கான பன்றிப் பண்ணைகள் மூடப்பட்டன. 1987-இல் வேலை முடிந்தது. தலைமுறையாகச் செய்த தொழிலை விட்டவர்கள் அதில் இழந்ததும் உண்டு. அந்த இழப்பைச் சேர்க்காமல் இந்த வெற்றியின் விலையைச் சொல்லிவிட முடியாது.

இவ்வளவும் எதற்காக? கடல் மீதுள்ள அக்கறையால் என்று சொன்னால் அது பாதி உண்மைகூட ஆகாது. தாகம்தான் காரணம். குடிதண்ணீருக்கு அண்டை மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தை நம்பியிருந்த தீவு இது. 1961 ஒப்பந்தம் 2011-இல் முடிந்துவிட்டது. நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 1962 ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. அதற்குள் சொந்தக் காலில் நிற்க வேண்டுமென்றால் விழுகிற மழையைப் பிடித்தாக வேண்டும், பயன்படுத்திய நீரையும் திரும்ப எடுத்தாக வேண்டும். மழையைப் பிடிக்க வடிகால்கள் சுத்தமாக இருக்க வேண்டும். 2008-இல் மரினா அணைக்கட்டு திறந்தபோது நகரின் நடுவில் ஓடும் ஆறே நீர்த்தேக்கத்தின் பகுதியானது. இன்று தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை 17 நீர்த்தேக்கங்களில் சேருகிறது. வடிகாலில் எண்ணெய் ஊற்றினால் அது குடிநீரில் ஊற்றியதுபோல என்ற எண்ணம் அதிகாரிகளுக்கு வந்த பிறகு கண்காணிப்பு இறுகியது. அந்த இறுக்கத்தால் கடலும் பிழைத்தது.

கடலைக் காப்பாற்றியது நம் தண்ணீர்த் தேவை என்றால், அந்தத் தேவை எட்டாத இடங்களில் கடலின் நிலை என்ன? எனக்கு இதுதான் கேள்வியாகப் படுகிறது. அதற்குப் போகுமுன் நிலத்தடியில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம்.

1990களில் தீவெங்கும் ஆறு சுத்திகரிப்பு ஆலைகளும் நூற்றுக்கும் மேற்பட்ட நீரேற்று நிலையங்களும் இருந்தன. ஒவ்வொரு நீரேற்று நிலையமும் ஓர் ஆபத்துதான். மின்சாரம் போனாலோ ஏற்றுக்குழாய் வெடித்தாலோ கழிவுநீர் வெளியே வழியும். அதோடு இவ்வளவு சிறிய நாட்டில் இவையெல்லாம் சேர்ந்து சுமார் 300 ஹெக்டர் நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. இதற்குத் தீர்வாக, நாட்டின் தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் கையில் எடுத்ததுதான் ஆழ்சுரங்கக் கழிவுநீர்த் திட்டம். முதல் கட்டம் 2000-இல் தொடங்கி 2008-இல் முடிந்தது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் சுரங்கம். சரிவாக அமைத்திருப்பதால் கழிவுநீர் தன் எடையிலேயே ஓடிவிடுகிறது. நடுவில் பம்பு தேவையில்லை, சாங்கியில் மட்டும் ஆழத்திலிருந்து மேலே தூக்கினால் போதும். அதன் பிறகு கிம் சுவான் ஆலையும் பிடோக், சிலேத்தார் ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இந்தச் சுரங்கத்தில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் உள்பூச்சு. கழிவுநீர் நீண்ட தூரம் ஓடும்போது ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம் வருமே, அந்த வாயுதான். அது சுரங்கத்தின் மேற்கூரையில் ஒட்டியிருக்கும் ஈரத்தில் கரைய, அங்கே வாழும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றிவிடும். அமிலம் கான்கிரீட்டைத் தின்னும். நூறு ஆண்டு நிற்க வேண்டிய சுரங்கம் அதற்குள்ளேயே உளுத்துவிடும். அதனால் கான்கிரீட்டின் உட்புறம் முழுக்கப் பாலிஎத்திலீன் தகடு பதித்திருக்கிறார்கள். ஒருமுறை தண்ணீர் விட்டபின் உள்ளே இறங்கிப் பழுதுபார்ப்பது எளிதில்லை என்பதால் இந்த முன்யோசனைக்கு மதிப்பு அதிகம்.

இரண்டாம் கட்டத்தில் தீவின் தெற்கிலும் மேற்கிலுமாக இன்னும் 40 கிலோமீட்டர் சுரங்கம். தோண்டும் பணி 2023-இல் முடிந்தது. அது துவாஸில் எழும் புதிய ஆலைக்குப் போகிறது. நாளொன்றுக்கு 800,000 கனமீட்டர் கொள்ளளவு. அங்கே வீட்டுக் கழிவுநீருக்கு ஒரு சுரங்கமும் தொழிற்சாலைக் கழிவுநீருக்குத் தனியாக ஒன்றும் வருகின்றன. தொழிற்சாலை நீரில் உப்பும் உலோகமும் கரைப்பான்களும் இருக்கும். அது வீட்டு நீரோடு சேர்ந்தால் பாக்டீரியா சாகும், நீரைத் திரும்ப எடுப்பதும் கடினமாகும். முதலில் சொன்ன பிரித்து வைக்கும் விதியின் அடுத்த படி இது. உலு பாண்டான், ஜூரோங் ஆலைகளும் இதன்பின் மூடப்படும். ஆலைகளுக்கான நிலம் சுமார் பாதியாகக் குறையும்.

இனி ஆலைக்குள். சாங்கி ஆலை 2009-இல் திறக்கப்பட்டது. பிறகு விரிவாக்கப்பட்டு இன்று நாளுக்கு 920,000 கனமீட்டர் நீரைக் கையாளும் திறன் கொண்டது. முதலில் சல்லடையில் துணி, ஈரத்தாள், பிளாஸ்டிக் எல்லாம் பிடிபடும். அப்புறம் மணல் படியும், கசடு படியும். மிஞ்சுகிற கரைசலைக் காற்றூட்டிய தொட்டிகளில் நுண்ணுயிர்கள் தின்னும். 1914-இல் மான்செஸ்டரில் கண்டுபிடித்த முறைதான், இன்னும் உலகம் முழுக்க அதுவே அடிப்படை. இங்கே ஒரு வசதி உண்டு. நம் கழிவுநீர் ஆண்டு முழுவதும் 30 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக இருப்பதால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன. அம்மோனியாவை மிகக் குறைந்த காற்றில் நேராக நைட்ரஜன் வாயுவாக்கிவிடும் அனாமாக்ஸ் என்ற பாக்டீரியா வகை, குளிர்நாடுகளில் முக்கியத் தொட்டிகளில் வளர அடம்பிடிக்கும். சாங்கியில் அது தானாகவே குடியேறி வேலை செய்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காற்றூட்டுவதுதான் ஆலையின் பெரிய மின்செலவு என்பதால் இது சின்ன விஷயமில்லை.

சுத்திகரித்த நீரின் தரத்தை அளக்கப் பொதுவாகச் சொல்லப்படும் எண்கள் 20, 30. அதாவது நீரில் உள்ள அழுக்கு மட்கும்போது உறிஞ்சும் ஆக்சிஜன் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, மிதக்கும் துகள் 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த எண்கள் பிரிட்டனில் அரசு ஆணையம் ஒன்று 1912-இல் பரிந்துரைத்தவை. கழிவுநீர் விழுகிற ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு நல்ல நீர் இருக்கும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு. ஆற்றில் ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகாமல் காப்பதற்கு அது போதும். கடலில் பாசி பெருகுவதைப் பற்றி அந்த இரண்டு எண்களும் எதையும் சொல்வதில்லை. பாசிக்கு உணவு நைட்ரஜனும் பாஸ்பரஸும். அதனால்தான் மேலே சொன்ன நைட்ரஜன் நீக்கும் வேலை எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

இப்படிச் சுத்திகரித்த நீரில் ஒரு பங்கு மேலும் தூய்மையாக்கப்பட்டுப் புதுநீராகிறது (NEWater). நுண்வடிகட்டல், எதிர்மறைச் சவ்வூடு பரவல், புறஊதாக் கதிர் என்று மூன்று படிகள். முதல் ஆலைகள் பிடோக்கிலும் கிராஞ்சியிலும் 2003-இல் வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு தேசிய தினத்தன்று தேசிய விளையாட்டரங்கில் கூடியிருந்த மக்கள் புதுநீர் போத்தல்களை உயர்த்திக் குடித்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இன்று நாட்டின் தேவையில் 40 விழுக்காடு வரை புதுநீரால் தீர்க்க முடியும். பெரும்பகுதி கணினிச் சில்லுத் தொழிற்சாலைகளுக்கும் குளிரூட்டும் அமைப்புகளுக்கும் போகிறது. வறண்ட மாதங்களில் கொஞ்சம் நீர்த்தேக்கங்களில் கலக்கப்படுகிறது. எஞ்சிய சுத்திகரித்த நீர் சாங்கியிலிருந்து 5 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் குழாய் வழியாகச் சிங்கப்பூர் நீரிணையில் விடப்படுகிறது. கரையோரத்தில் விடாமல் நீரோட்டம் வலுவாக உள்ள இடத்தில் விடுவதால் விரைவில் கரைந்து பரவிவிடும்.

இங்கேதான் நம் தண்ணீர்க் கணக்கும் கடலின் கணக்கும் பிரிகின்றன. சவ்வு வழியே நூறு லிட்டர் செலுத்தினால் சுமார் 75 லிட்டர் தூயநீராக வெளிவரும். மீதி 25 லிட்டரில், சவ்வு தடுத்த உப்பு, பாஸ்பேட், மருந்து எச்சம் எல்லாம் செறிந்து நிற்கும். அதுவும் கடலுக்குத்தான் போகிறது. புதுநீரை நாம் கூட்டக் கூட்ட, கடலுக்குப் போகும் நீரின் அளவு குறையும். ஆனால் ஒவ்வொரு லிட்டரின் செறிவும் ஏறும். மொத்தச் சுமை கூடவில்லை, உண்மைதான். இருந்தாலும் ஒரே இடத்தில் செறிவாக விழுவதைக் கடலடி உயிர்கள் எப்படித் தாங்கும் என்பது மொத்தச் சுமையைப் பார்த்து விடை சொல்லக்கூடிய கேள்வியில்லை.

சரி, கடலுக்கு இன்று என்னென்ன தொல்லை? முதல் இடம் கழிவுநீருக்கு இல்லை, மண்ணுக்கு. பல பத்தாண்டு நில மீட்பால் பவளப்பாறைப் பரப்பில் பாதிக்கு மேல் புதைந்துவிட்டது. மிஞ்சிய பாறைகளின் மேல் கலங்கல் நீர் வெளிச்சத்தை மறைக்கிறது. அப்படியிருந்தும் சுமார் 250 வகைக் கடினப் பவளங்கள் இங்கே உயிரோடு இருப்பது வியப்புதான். அழிந்துவிட்டதாக நினைத்த நெப்டியூன் கிண்ணக் கடற்பஞ்சு 2011-இல் இங்கே மறுபடி கண்டெடுக்கப்பட்டது. சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றி 2014-இல் முதல் கடல்பூங்கா அறிவிக்கப்பட்டது. இவற்றுக்கு எதிரியான மண்ணில் ஒரு பங்கு கட்டுமானத் தளங்களிலிருந்து வடிகால் வழியே வருகிறது. வடிகாலில் விடும் நீரில் துகள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. தளங்களில் மண் தடுப்பு வேலி போடுவதும், கலங்கல் நீரைத் தொட்டியில் தேக்கித் தெளியவைப்பதும், வெற்று மண்ணின் மேல் பாய் விரிப்பதும் அதற்காகத்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து இந்த வேலையைச் செய்யும் தம்பிகளிடம், கீழே கடலில் பவளம் இருக்கிறது, நீங்கள் கட்டும் வேலி அதைக் காக்கிறது என்று யாராவது சொல்கிறார்களா என்று எனக்குக் கேட்கத் தோன்றும். சொல்ல வேண்டும்.

இரண்டாவது தொல்லை ஜோகூர் நீரிணையில். சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்க 1924-இல் கட்டிய காஸ்வே சாலை அந்த நீரிணையைக் குறுக்கே அடைத்துவிட்டதால் நீரோட்டம் மந்தம். இரு கரைகளிலும் நகரங்கள், ஆலைகள், நடுவில் மீன் பண்ணைகள். சத்து சேர்ந்து தேங்கும் நீரில் பாசி திடீரெனப் பெருகும். 2015 தொடக்கத்தில் அப்படிப் பெருகிய நுண்பாசியால் பண்ணைகளில் 500 டன்னுக்கு மேல் மீன்கள் செத்து மிதந்தன. இரண்டு நாடுகளின் நீர் அது. நம் ஆலைகள் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் ஒரு கரை மட்டும் அதைத் தீர்த்துவிட முடியாது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத கசிவு. 2008-இல் பாசிர் ரிஸ் கடற்கரையில் நீந்த வேண்டாம் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் அறிவுறுத்தியது. மனிதக் கழிவைக் காட்டும் என்டரோகோக்கஸ் பாக்டீரியா வரம்பைத் தாண்டியிருந்தது. தேடிப் பார்த்ததில் பழைய கழிவுநீர்க் குழாய்களின் சிறு கசிவுகளும் சின்னச் சின்னச் சுத்திகரிப்பு அமைப்புகளும் காரணமாகத் தெரிந்தன. சீர்செய்தபின் நிலைமை மாறியது. 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் குழாய் வலையில் கசிவு வராமல் காப்பது முடிவில்லாத வேலை. சாலையைத் தோண்டாமல் பழைய குழாய்க்குள் புது உறை செலுத்தும் பணி 1990களிலிருந்து நடந்துவருகிறது.

இப்போது கதையில் புதிய திருப்பம் ஒன்று வந்திருக்கிறது. 2005 முதல் ஐந்து கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இங்கே வந்துவிட்டன. அதாவது கடலே நமக்கு நீர்த்தேக்கமாகிவிட்டது. பாசி பெருகினால் அந்த ஆலைகளின் சவ்வுகள் அடைத்துக்கொள்ளும். 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங்கில் தூர்வாரும் கப்பலொன்று எண்ணெய்க் கப்பலில் மோதி சுமார் 400 டன் எண்ணெய் கொட்டியபோது, செந்தோசா கடற்கரையைப் பற்றிய கவலையோடு கடல்நீர் எடுக்கும் இடங்களைப் பற்றிய கவலையும் சேர்ந்தே எழுந்தது. வடிகாலைக் காத்த அதே தாகம் இனிக் கடலையும் காக்க வேண்டிய கட்டாயத்துக்கு நம்மைக் கொண்டுவந்திருக்கிறது.

இதில் அரசு செய்யக்கூடிய ஒன்றை நான் முக்கியமாக எதிர்பார்க்கிறேன். கடற்கரைகளில் பாக்டீரியா அளவை அளந்து, எங்கே நீந்தலாம் என்று பொதுமக்களுக்குச் சொல்கிறார்கள். சாங்கி வெளியேற்றுக் குழாயின் முனையிலும், நாளை துவாஸ் குழாயின் முனையிலும், ஜோகூர் நீரிணையிலும் நைட்ரஜன், பாஸ்பரஸ் அளவு மாதாமாதம் எவ்வளவு என்பதையும் அதேபோல எல்லாரும் பார்க்கும்படி வெளியிடலாம். கழிவுநீர் இனி இரண்டு மூன்று முனைகளிலேயே குவியப்போகிறது. அளப்பதும் முன்னைவிட எளிது. துவாஸ் ஆலை முழுவீச்சில் ஓடத் தொடங்குமுன் அங்குள்ள கடல் எப்படி இருந்தது என்ற பதிவு கையில் இருந்தால்தான், பத்தாண்டு கழித்து அது மாறியிருக்கிறதா என்று பார்க்க முடியும்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெய் ஆறியதும் போத்தலில் அடைத்து, மறுசுழற்சிக்கு வாங்குமிடத்தில் கொடுத்துவிடலாம், அல்லது காகிதத்தில் உறிஞ்சவைத்துக் குப்பையில் போடலாம். ஈரத்தாளைக் கழிப்பறையில் போட வேண்டாம். பெயிண்ட் தூரிகையையும் மாப்பு வாளியையும் குளியலறையில் கழுவுங்கள், கீழே லோங்காங்கில், அதாவது வடிகாலில், ஊற்றாதீர்கள்.